எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு

அன்றைக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டேன்.

அத்தை (என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) குளியலறையில் மயங்கி விழுந்த இரவு அது. ஆம்புலன்ஸ் வந்து ஏறிப் பாதி வழி போன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆறு வருடமாக அந்த நீல ஃபைல் இல்லாமல் நாங்கள் எந்த டாக்டர் அறைக்குள்ளும் நுழைந்ததில்லை. அதில் 19 வருடச் சர்க்கரை இருந்தது. அதற்கு மேல் ரத்த அழுத்தம், இதயத்தில் வைத்த ஒரு ஸ்டென்ட், முழங்கால் தேய்மானத்துக்கு எடுத்த எக்ஸ்ரே, கால் மரத்துப்போவதற்கு ஒரு நரம்புச் சோதனை. தூக்கினால் கை வலிக்கும்.

அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். "என்னென்ன வியாதி இருக்கு?" என்று கேட்டார். வாயால் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.4. அந்த டாக்டர் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இவ்வளவு ரத்தம் எங்கம்மா போகுது?" என்றார்.

ஒன்றேகால் வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்காத கேள்வி.

அடுத்த சில நாட்களில் ஸ்கேன், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி, பயாப்ஸி எல்லாம் முடிந்து பதில் வந்தது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி. கல்லீரலுக்கும் போயிருந்தது. நான்காம் நிலை. விஷயம் தெரிந்த உறவினர்கள் ஒருவர் விடாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ரெகுலரா டாக்டர்கிட்ட போய்க்கிட்டுதானே இருந்தாங்க? எல்லா டெஸ்டும் எடுத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

ஆமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் போனோம். ஒருமுறைகூட விட்டதில்லை. டாக்டர் வாசலையே மிதிக்காத ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரிய வந்தால் அதில் புரியாமல் போக எதுவும் இல்லை. அத்தைக்கு எப்படி? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அதற்காகத் தேடியதும் படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பதிவு.

ஒருநாள் மதியம் அத்தை தூங்கிய பிறகு ஃபைலைப் பிரித்து, ரத்தப் பரிசோதனைத் தாள்களை மட்டும் எடுத்துத் தேதி வரிசையில் தரையில் பரப்பினேன். ஹீமோகுளோபின் வரியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். 12.1. அடுத்தது 11.6. பிறகு 11.2, 10.4, 9.6. அதற்கடுத்துத்தான் அந்த ராத்திரியின் 7.4. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தத் தாள்களை யாரும் இப்படித் தரையில் பரப்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு தாள்தான் மேஜைக்குப் போகும். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்று ஓர் அளவு அச்சாகியிருக்கும். 11.6ஐ அந்த அளவோடு ஒப்பிட்டால் லேசான குறைவு. போன முறை எடுத்த 12.1உடன் யாரும் ஒப்பிடவில்லை. கண்கள் முதலில் போனது சர்க்கரைக்கும் மூன்று மாதச் சராசரிக்கும். அடுத்து கிரியேட்டினின், கொழுப்பு. ஹீமோகுளோபின் வரிக்கு வரும்போது பேச்சு ஏறக்குறைய முடிந்திருக்கும்.

அதையும் யாரும் பார்க்காமல் விடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பார்த்தார்கள், காரணமும் சொன்னார்கள். நாள்பட்ட சர்க்கரையால் சிறுநீரகம் லேசாகப் பாதிக்கப்பட்டால் ரத்த உற்பத்தி குறையும் என்றார்கள். உண்மைதான், சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்டின் குறைந்தால் சிவப்பணு உற்பத்தியும் குறையும். ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், வயிற்றில் லேசாகக் கசியலாம் என்றார்கள். அதுவும் உண்மை. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, அதனால் பி12 குறைந்திருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். தவறான காரணம் ஒன்றுகூட இல்லை. எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். அதனால் கறுப்பாகப் போனபோது அத்தை பயப்படவில்லை. அதே மாத்திரைக்கு மலச்சிக்கலும் வரும், அதனால் அதுவும் கணக்கில் சேரவில்லை. வயிற்றில் ஒருமாதிரி இரைச்சல், உப்புசம் என்றார். மெட்ஃபார்மின் பண்ணும் வேலை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். இதய நோயாளி, வயது 68, வேறென்ன. சோர்வுக்குக் காரணம் தேடவே வேண்டாம், சர்க்கரைக்காரர் என்றால் சோர்வு கூடவே வரும் என்று நாங்கள் முடிவு கட்டி வருடக்கணக்காகிவிட்டது. ஒரு உடம்பில் இத்தனை பதில்கள் தயாராக இருக்கும்போது புதிதாக வந்த ஒன்று அவற்றுக்கு நடுவே சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது.

இன்றைக்கும் நினைத்தால் மனசு கூசுவது எடை விஷயத்தில். அந்த வருடம் அத்தை ஏழு கிலோ குறைந்தார். சர்க்கரைக்காரர்கள் எடை குறைப்பதைப் பார்த்து மருத்துவ உலகமே கைதட்டும். நாங்களும் கைதட்டினோம். "அத்தை, நீங்க எங்க எல்லாரையும்விட நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்று சொன்னவள் நான்தான். அத்தைக்கும் பெருமை. பத்து வருடமாக முயன்று குறையாத எடை முயற்சியே இல்லாமல் எப்படிக் குறைந்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வலப்பக்கப் பெருங்குடலுக்கு ஒரு குணம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அங்கே குழாய் அகலம், உள்ளே போவதும் கூழாகத்தான் இருக்கும். அதனால் கட்டி பெரிதாக வளரும்வரை அடைப்பு வராது, வலியும் பெரிதாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாக ரத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பல சமயம் வெளியே தெரியும் ஒரே அடையாளம் ரத்தசோகைதான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் குடலையும் இரைப்பையையும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் பால பாடம். ஆனால் அந்தப் பாடத்தில் வரும் நோயாளிக்கு வேறு வியாதி ஏதும் இருப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு, நாள்பட்ட அழற்சி உள்ளவர்களிடம் நிஜத்தைவிட உயர்ந்து காட்டும். சோதனையைக்கூடப் பழைய நோய் குழப்பிவிடும்.

டாக்டர் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் இருந்தது. அப்புறம் அந்த அறைக்குள் நடந்ததை நேர்மையாக நினைத்துப் பார்த்தேன். அவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதற்குள் சர்க்கரை, அழுத்தம், கால் பாதம், கண், சிறுநீரகம், பன்னிரண்டு மாத்திரைகளின் சீட்டு எல்லாம் முடிய வேண்டும். அத்தையோ அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார், ஏனென்றால் அவரைத் தினமும் படுத்தியது அதுதான். மலம் போவதில் மாற்றம் இருந்ததைக் குடலில் கட்டி என்று தெரிந்த பிறகுதான் என்னிடமே சொன்னார். "இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டா இருப்பாங்க? அவருக்கு ஏற்கெனவே என்னால எவ்வளவு வேலை" என்றார். டாக்டருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று நினைக்கும் நோயாளி அவர்.

இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள். நேரெதிரான இரண்டு எண்ணங்கள் உண்டு. ஒன்று, நாள்பட்ட நோயாளி அடிக்கடி டாக்டரைப் பார்க்கிறார், ரத்தமும் ஸ்கேனும் எடுக்கிறார், அதனால் புற்றுநோய் இருந்தால் சீக்கிரம் மாட்டும். இன்னொன்று, இருக்கும் நோயே டாக்டரின் நேரத்தையும் நோயாளியின் கவனத்தையும் தின்றுவிடுகிறது, புதிய அறிகுறி எல்லாம் பழைய நோயின் கணக்கில் எழுதப்படுகிறது, அதனால் தாமதமாகும். எது சரி என்று பார்த்தால், இரண்டுமே. எந்த நோய், எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்து ஆய்வுகளின் முடிவு மாறுகிறது.

முதல் எண்ணத்துக்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. என் சித்தப்பாவும் சர்க்கரைக்காரர்தான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேனில், தேடாத ஒன்று தெரிந்தது. சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. அறிகுறி ஒன்றுமில்லை. வெட்டி எடுத்தார்கள், முடிந்தது. எட்டு வருடம் ஆகிறது. சர்க்கரை மட்டும் இல்லையென்றால் அந்த ஸ்கேனே எடுத்திருக்க மாட்டார்.

சில நாள்பட்ட நோய்களுக்குக் காவல் ஏற்பாடே இருக்கிறது. கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் வந்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வது, கல்லீரல் புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதற்காகத்தான். பெருங்குடல் புண்ணழற்சி உள்ளவர்களுக்கு நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனதும் கொலோனோஸ்கோபி கண்காணிப்பைத் தொடங்குகிறார்கள். இங்கெல்லாம் பழைய நோய் புதிய நோயைக் காட்டிக்கொடுக்கிறது. ஏனென்றால் இந்த நோய்க்கு அந்தப் புற்றுநோய் வரும் என்று ஏற்கெனவே தெரிந்து, தேடும் வேலையை யாரோ அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தையின் அட்டவணையில் கண், கால், சிறுநீரகம், இதயம் இருந்தன. குடல் இல்லை. இத்தனைக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

பழைய நோயின் நிழலில் புதியது மறைந்துபோவதற்கு ஆங்கில மருத்துவ எழுத்தில் ஒரு பெயரே இருக்கிறது: 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்'. 1982ல் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் மனநலத்தைப் பற்றி எழுதிய அமெரிக்க உளவியலாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு மனநோய் வந்தால், 'அது அவர்களுடைய இயல்புதானே' என்று விட்டுவிடுகிறார்கள் என்பது கவலை. பிறகு அது மனநோயாளிகளின் உடல் நோய்களுக்கும் பரவலாகப் பயன்பட ஆரம்பித்தது. தீவிர மனநோய் உள்ள ஒருவர் வயிறு வலிக்கிறது என்றால் அதை எத்தனை பேர் வயிற்று வலியாகவே கேட்டுக்கொள்கிறோம்?

படிக்கப் படிக்க இந்த நிழல் எல்லா இடத்திலும் தெரிந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர் பல வருடமாக இருமிக்கொண்டிருப்பார். அவருடைய இருமல் ஒருநாள் மாறினால் யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் புகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த நோய்க்காரர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். பல வருட முதுகுவலிக்காரரின் முதுகுவலி எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவாக இருக்கலாம். மைலோமா உள்ளவர்கள் பலர் மூன்று நான்கு தடவை டாக்டரைப் பார்த்த பிறகுதான் உரிய சோதனைக்குப் போகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசமும் வயிற்றுத் தொல்லையும் வந்தால் 'எரிச்சல் குடல்' என்று எழுதிவிடாதீர்கள், அந்த வயதில் அது புதிதாக வருவது அபூர்வம், சினைப்பைப் புற்றுநோய்க்கான ரத்தச் சோதனை செய்யுங்கள் என்று பிரிட்டனில் 2011ல் வழிகாட்டியே எழுதினார்கள். அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடப்பு என்ன என்று தெரிகிறது.

மாத்திரையும் நிழல் போடும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, சில மாதங்களில் புராஸ்டேட் புற்றுநோயைத் தேடப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். தாளில் 3 என்று இருக்கும். அது உண்மையில் 6 என்று, அந்த மாத்திரை விவரம் தெரிந்தவர்தான் படிக்க முடியும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இரைப்பைப் புற்றுநோயின் தொல்லையைக்கூடக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கும்.

சர்க்கரையைப் பற்றிப் படித்ததில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சில சமயம் சர்க்கரை நோயே புற்றுநோயின் முதல் அறிகுறி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு மூன்று வருடத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரிய வருகிறது. மீதி 99 பேருக்கும் அது சாதாரணச் சர்க்கரைதான், அதனால் யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் புதிய சர்க்கரையோடு எடையும் குறைந்தாலோ, வருடக்கணக்காக அடங்கியிருந்த சர்க்கரை காரணமில்லாமல் எகிறினாலோ, மாத்திரையைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் கணையத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

டாக்டர்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு: எல்லா அறிகுறிகளையும் ஒரே நோயால் விளக்க முடிந்தால் அதுவே நல்ல விளக்கம். 14ஆம் நூற்றாண்டுத் துறவி ஆக்காம் பெயரால் வழங்கும் தத்துவம் அது. இளைஞர்களிடம் அது நன்றாகவே வேலை செய்யும். அதற்கு எதிராக ஜான் ஹிக்கம் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரில் ஒரு வாசகம் உலவுகிறது. நோயாளிக்கு அவர் இஷ்டத்துக்கு எத்தனை நோய் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது அதன் சாரம். அத்தை இரண்டாவது கட்சி. ஐந்து நோய் இருந்தவருக்கு ஆறாவது வரக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்ன?

'எல்லா டெஸ்டும்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். நாங்கள் மனதார நம்பினோம். வருடத்துக்கு நான்கு தடவை ரத்தம் கொடுப்பவருக்கு உடம்பில் எது இருந்தாலும் தெரிந்துவிடும் என்று. அந்தச் சோதனைகள் சர்க்கரையையும் அதன் பின்விளைவுகளையும் மட்டுமே பார்க்கின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்கென்று உள்ளது மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காணும் சோதனை. கொலோனோஸ்கோபி வரை போக வேண்டியதுகூட இல்லை, ஒரு சின்னக் குப்பி போதும். அதை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வியாதியும் இல்லாத பக்கத்து வீட்டம்மா 'முழு உடல் பரிசோதனை' என்று போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவார். தினமும் பன்னிரண்டு மாத்திரை போடுகிறவருக்கு இன்னொரு சோதனை என்றாலே அலுப்பு. "குத்தினது போதும்டா சாமி" என்பார் அத்தை.

தாமதத்தின் விலை பெருங்குடலில் மிகப் பெரிது. அமெரிக்கக் கணக்குப்படி, கட்டி குடலோடு நிற்கும்போது பிடிபட்டால் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறவர்கள் 100க்குச் சுமார் 90 பேர். தொலைவிலுள்ள உறுப்புக்குப் பரவிய பிறகு சுமார் 15 பேர்.

பிறகு சிகிச்சை வந்தது. பழைய நோய்கள் மறுபடியும் மேஜையில் வந்து உட்கார்ந்தன. பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்து நரம்பைப் பாதிக்கும். அத்தைக்குச் சர்க்கரையால் ஏற்கெனவே பாதங்கள் மரத்துப்போயிருந்தன. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசில் சிலருக்கு இதய ரத்தக் குழாயைச் சுருங்க வைக்கும். ஸ்டென்ட் இருக்கிறது, யோசிக்க வேண்டும். வாந்தி வராமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை 400க்கு ஏற்றியது. புற்றுநோய் டாக்டர் நல்லவர். ஒவ்வொரு சுற்றிலும் அளவைக் குறைத்துக் குறைத்து, ஆக்ஸாலிப்ளாட்டினை நான்காவது சுற்றோடு நிறுத்தினார். பழைய நோய்தான் கண்டுபிடிக்கவிடாமல் மறைத்தது, கண்டுபிடித்த பிறகு மருந்தையும் பாதியாக வெட்டியது. அத்தை பதினான்கு மாதம் இருந்தார்.

ஒரு விஷயத்தை இன்னும் என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. ஃபைல் கையில் இருந்திருந்தால் அந்த இரவு என்ன நடந்திருக்கும்? சின்ன டாக்டர் புரட்டியிருப்பார். 'சிறுநீரகப் பாதிப்பு, ஆஸ்பிரின், ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை' என்று படித்திருப்பார். ரத்தம் ஏற்றி அனுப்பியிருக்கவும் கூடும். இல்லை, 12.1இலிருந்து 7.4 வரை இறங்கிய படிகளைப் பார்த்து இன்னும் வேகமாகப் பிடித்திருக்கவும் கூடும். நோயை மறைத்து வைத்ததும் அந்த ஃபைல்தான், ஒன்றேகால் வருடமாகத் தேதி போட்டு எழுதி வைத்ததும் அந்த ஃபைல்தான்.

இப்போது வீட்டில் இரண்டாவது ஃபைல் வளர்கிறது. என் கணவருக்கு 47 வயது, சர்க்கரை வந்து மூன்று வருடம். ரத்தப் பரிசோதனைத் தாள் வரும்போதெல்லாம் ஹீமோகுளோபின், எடை, தட்டணுக்கள் மூன்றையும் ஒரு நோட்டில் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுகிறேன். தட்டணு எதற்கென்றால், அது உயர்ந்திருந்த நாற்பது தாண்டிய ஆண்களில் 100க்கு 11 பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு புற்றுநோய் தெரிய வந்தது என்று 2017ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. டாக்டரிடம் போகும்போது கடைசி இரண்டு நிமிடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். "இது சர்க்கரையாலதான்னு வெச்சுக்குவோம் டாக்டர், சர்க்கரை இல்லாத ஒருத்தருக்கு இது வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தால் மகனுக்கு 40 வயதிலிருந்தே பரிசோதனை வேண்டும் என்கின்றன அமெரிக்க வழிகாட்டிகள். என் கணவர் அந்த வயதைத் தாண்டி ஏழு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் பேச்செடுத்தேன்.

"சுகர் கொஞ்சம் கண்ட்ரோலுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு கொலோனோஸ்கோபி நேரம் வாங்கியிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.